ஜான் சீனா தோற்ற ஞாயிற்றுக்கிழமை

2025 டிசம்பர் 13, சனிக்கிழமை இரவு, வாஷிங்டன் நகரின் கேப்பிட்டல் ஒன் அரங்கத்தில் ஜான் சீனா தன்னுடைய கடைசி மேட்சை ஆடினார். நமக்கு அது ஞாயிறு காலை 9 மணிக்குத் தொடங்கிய நிகழ்ச்சி. எதிரே குந்தர். ஆஸ்திரியாக்காரர். வெறுங்கையால் நெஞ்சில் அறைந்தே ஆட்களை மடக்கி உட்கார வைப்பவர். மேட்சின் கடைசிப் பகுதியில் குந்தர் பின்னாலிருந்து சீனாவின் கழுத்தைக் கட்டிப் பிடித்தார். சீனா உதறிக்கொண்டு வந்தார். மறுபடியும் பிடி, மறுபடியும் உதறல். கடைசிப் பிடியில் சீனாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு கையால் தட்டினார்.

ரெஸ்லிங் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: தட்டினால் ‘போதும், விட்டுவிடு’ என்று அர்த்தம். தோல்வியை வாயால் ஒப்புக்கொள்வதற்குச் சமம். ‘ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே’ என்ற வாசகத்தைச் சட்டையிலும் துண்டிலும் அச்சடித்துப் போட்டுக்கொண்டு சுற்றியவர் இருபது வருடங்களாகத் தட்டியதே இல்லை. கடைசி நாளில் தட்டினார். அரங்கம் முதலில் உறைந்துபோனது. அப்புறம் ஏளனக் கூச்சல். கதைக்கெல்லாம் தலைமைப் பொறுப்பில் இருக்கிற டிரிபிள் எச் வெளியே வந்தபோது அந்தக் கூச்சல் இன்னும் கூடியது.

பத்து மணியிலிருந்தே எங்கள் புலனக் குழு பற்றி எரிந்துகொண்டிருந்தது. அக்கா மகனுக்குப் பதினைந்து வயது. பசார் மாலாமில் வாங்கிய சீனா சட்டையைத் துவைக்கக்கூடக் கொடுக்க மாட்டான். “மாமா, என்னா மாமா இப்படிப் பண்ணிட்டானுங்க? ஒரு மனுசன் ரிட்டையர் ஆகிற அன்னிக்கா தட்ட வைப்பானுங்க? இனிமே நான் பாக்கவே மாட்டேன்” என்று குரல் பதிவு அனுப்பியிருந்தான். குழுவில் முக்கால்வாசிப் பேர் அவன் கட்சி.

நான் அந்தக் கட்சி இல்லை. கடந்த ஒரு வருடத்தில் தொலைக்காட்சியில் வந்த அத்தனை ரெஸ்லிங்கிலும் மிகச் சரியாக எடுக்கப்பட்ட முடிவு அதுதான் என்பது என் கருத்து. அதைச் சொல்ல வேண்டுமானால் அந்த வருடத்தையே கொஞ்சம் திருப்பிப் பார்க்க வேண்டும்.

*

ரெஸ்லிங் ரசிகனிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “அதெல்லாம் பொய்தானே?” கல்யாண வீட்டில் கேட்பார்கள், வேலையிடத்தில் கேட்பார்கள், மாமாக் கடையில் தே தாரேக் குடிக்கும்போது பக்கத்து மேசைக்காரர் கேட்பார். ஆமாம், யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட இன்று இது தெரியும். சிங்கப்பூரின் கேளிக்கைப் பூங்காக்களில் கிங்காங்கும் தாராசிங்கும் மோதியதைப் பார்த்த நம் தாத்தாக்களுக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்திருக்கும். டிக்கெட் வாங்காமல் இருந்தார்களா?

திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பதினெட்டாம் போர் கூத்து நடக்கிறது. மண்ணால் துரியோதனனைப் படுகளத்தில் கிடத்தியிருக்கிறார்கள். அவன் சாகப்போகிறான் என்பது ஊருக்கே தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனாலும் ஜனம் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. முடிவு தெரியாததால் யாரும் உட்காரவில்லை. இந்த வேஷக்காரன் அந்த முடிவுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறான் என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ரெஸ்லிங்கும் அந்த ஜாதிதான். ஆனால் எழுத்தாளர் அறையில் எழுத முடியாத சமாச்சாரம் இதில் இரண்டு இருக்கிறது. ஒன்று உடம்பு. இன்னொன்று கூட்டம். முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டதாக இருக்கலாம். ஆனால் இருபது அடி உயரத்திலிருந்து விழுகிறவனின் முதுகு நிசம். பதினைந்தாயிரம் பேர் சேர்ந்து கத்துகிற ‘ஊ’ நிசம். 2025இல் இந்த இரண்டையும் நம்பிய நிகழ்ச்சிகள் நன்றாக வந்தன. நம்பாதவை சொதப்பின.

*

கூட்டத்திலிருந்து ஆரம்பிப்போம். 2025 ஜனவரி 6, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் இங்கில்வுட்டின் இன்ட்யூட் டோம். ‘ரா’ நிகழ்ச்சி நெட்ஃபிளிக்ஸுக்கு மாறிய முதல் நாள். ராக் வந்தார், சீனா வந்து தன் விடைபெறும் வருடத்தைத் தொடங்கி வைத்தார். பழைய பெருந்தலைகளையெல்லாம் அழைத்திருந்தார்கள். அந்த வரிசையில் ஹல்க் ஹோகனும் மேடைக்கு வந்தார். கம்பெனி எதிர்பார்த்தது கைத்தட்டல். கிடைத்தது ஏளனக் கூச்சல். மனிதர் பேசி முடிக்கும்வரை அது அடங்கவில்லை.

2015இல் ஹோகன் கறுப்பினத்தவரைப் பற்றிப் பேசியிருந்த இழிசொற்கள் ஒலிப்பதிவாக வெளியே வந்தன. கம்பெனி அவரை நீக்கியது. 2018இல் திரும்பச் சேர்த்துக்கொண்டது. கம்பெனி மறந்துவிட்டது, கூட்டம் மறக்கவில்லை. 2025 ஜூலை 24 அன்று ஹோகன் இறந்தார். சின்ன வயதில் அவர் சட்டையைக் கிழித்துக்கொண்டு வருவதைப் பார்த்துத் தலையணையோடு சண்டை போட்ட தலைமுறை நான். செய்தி கேட்டபோது மனசு கனத்தது உண்மை. ஆனால் ஜனவரியில் கேட்ட அந்த ‘ஊ’ சரியானதுதான் என்ற எண்ணம் மாறவில்லை. நம் தோல் நிறத்தில் ஒருவன் ரிங்குக்கு வந்தாலே தலைப்பாகை வில்லனாகவோ புரியாத மொழி பேசும் ராட்சசனாகவோதான் வருவான் என்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கூச்சலின் அர்த்தம் விளக்காமலே புரியும்.

கூட்டம் கதையையே மாற்றிய இன்னொரு சம்பவம் ஜூன் மாதத்தில். ஆர்-ட்ரூத் என்ற ரான் கில்லிங்ஸ் ஐம்பது தாண்டியவர். காமெடி வேஷம். தன்னைவிட வயதில் குறைந்த சீனாவைத் தன் ‘சிறுவயது நாயகன்’ என்று சொல்லிக்கொண்டு திரிவார். அவருடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கப்போவதில்லை என்று ஜூன் தொடக்கத்தில் செய்தி வந்தது. அடுத்து வந்த நிகழ்ச்சியில் ஜனங்கள் அவர் பெயரைச் சொல்லி விடாமல் கோஷம் போட்டார்கள். ஜூன் 7 ‘மனி இன் த பேங்க்’ இரவில் ட்ரூத் திடீரென்று ஓடிவந்து, பெல்ட்டால் சீனாவையே அடித்துத் தோற்க வைத்தார். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவரை ரசிகர்கள் கத்தியே திரும்பக் கொண்டுவந்தார்கள். எங்கேயாவது ஒரு தொழிற்சாலையில் இப்படி நடக்குமா என்று அன்றைக்கு யோசித்தேன்.

*

இப்போது சொதப்பலுக்கு வருவோம். மார்ச் 1, டொராண்டோ. ‘எலிமினேஷன் சேம்பர்’. சீனா ஜெயித்து ரெஸ்லமேனியா வாய்ப்பைப் பெற்றார். ரிங்குக்குள் கோடி ரோட்ஸ். ராக் தன் கழுத்துக்குக் குறுக்கே விரலை இழுத்துச் சைகை காட்டினார். கோடியைக் கட்டிப்பிடித்திருந்த சீனாவின் முகம் மாறியது. அடுத்த நிமிடம் கோடி தரையில். இருபது வருடங்களுக்கும் மேலாகக் குழந்தைகளின் நாயகனாக இருந்தவர் வில்லனாகிவிட்டார். அந்த முகமாற்றத்தை நான் பல தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். வசனம் எதுவுமே இல்லை. கண் மட்டும்தான். அந்த அரை நிமிடம் அந்த வருடத்தின் மிகச் சிறந்த நடிப்பு.

அதற்கப்புறம் என்ன செய்தார்கள்? எல்லாவற்றுக்கும் காரணமான ராக் கதையிலிருந்தே காணாமல் போனார். ரெஸ்லமேனியாவுக்கு அவர் வரவில்லை. ஏப்ரல் 20, லாஸ் வேகாஸின் அலீஜியன்ட் ஸ்டேடியம். சீனா தன் 17ஆவது உலகப் பட்டத்தை வெல்லப்போகிறார், ரிக் ஃபிளேயரோடு சமமாக இருந்த கணக்கைத் தாண்டப்போகிறார். எப்பேர்ப்பட்ட வாய்ப்பு! வந்தவரோ டிராவிஸ் ஸ்காட். பாடகர், அவசரமே இல்லாமல் நடந்து வந்தார். கோடியை அவர் தடுத்துத் திசைதிருப்ப, சீனா பெல்ட்டால் ஒரு அடி, மூன்று எண்ணிக்கை, முடிந்தது. இத்தனை வருட உழைப்பின் உச்சத்தில் ஒரு விருந்தாளியின் நடைதான் ஞாபகத்தில் நிற்கிறது.

அதே மேடையில் அதே இரவு என்ன நடந்தது தெரியுமா? இயோ ஸ்கை, பியாங்கா பெலேர், ரியா ரிப்ளி மூன்று பேரும் ஒரே மேட்சில். விருந்தாளி இல்லை, குறுக்கே ஓடிவருபவர் இல்லை. பெலேரின் விரல் உடைந்தே போனது, ஆனாலும் ஆடி முடித்தார். கடைசியில் ஜப்பான்காரி இயோ ஸ்கை கயிற்றின் உச்சியிலிருந்து பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு விழுந்து பட்டத்தைக் காப்பாற்றினார். என்னைக் கேட்டால் அந்த இரண்டு நாட்களின் மெயின் ஈவென்ட் அதுதான். மூன்று பெண்களின் உடம்பை நம்பி விட்டார்கள், அவர்கள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

உடம்பைப் பற்றி இன்னொரு கதை. செத் ரோலின்ஸ் ஜூலையில் முட்டி போய்விட்டதாகத் தாங்குகட்டையோடு வந்தார். செய்தித் தளங்கள் உட்பட எல்லாரும் நம்பினார்கள். ஆகஸ்ட் 2, ‘சம்மர்ஸ்லாம்’ முதல் நாள். சிஎம் பங்க் குந்தரைத் தோற்கடித்துப் பட்டத்தைத் தூக்கிப் பிடித்த நேரத்தில் ரோலின்ஸ் நொண்டி நொண்டி வந்தார். நின்றார். கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிவந்து பட்டத்தைப் பறித்துக்கொண்டார். நல்ல ஏமாற்று. ஏமாந்ததில் சந்தோஷம். ஆனால் அக்டோபர் 11, பெர்த் நகரில் கோடியோடு ஆடியபோது அதே ரோலின்ஸின் தோள்பட்டை நிசமாகவே போய்விட்டது. பட்டத்தையும் இழந்தார். பொய்க் காயத்தால் வாங்கியதை நிசக் காயம் வாங்கிக்கொண்டது. எந்த எழுத்தாளரும் இதை எழுத மாட்டார், எழுதினால் செயற்கையாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

எதிர்க் கம்பெனியான ஏஇடபிள்யூவையும் சொல்லாமல் விட்டால் பாவம். ஜூலை 12, டெக்சஸ் ‘ஆல் இன்’. ஜான் மோக்ஸ்லி மாதக்கணக்காக உலகப் பட்ட பெல்ட்டை ஒரு பெட்டிக்குள் பூட்டி வைத்து யார் கண்ணிலும் காட்டாமல் வைத்திருந்தார். ஹேங்மேன் ஆடம் பேஜ் முள்கம்பியிலும் கண்ணாடியிலும் புரண்டு அவரைத் தோற்கடித்தார். அவருக்குக் கைகொடுக்க வந்தவர், கதைப்படி யாருடைய வீட்டையே ஹேங்மேன் கொளுத்தினாரோ அந்தப் பழைய எதிரி ஸ்வர்வ் ஸ்ட்ரிக்லேண்ட். பெட்டியைத் திறந்து அந்த பெல்ட்டை வெளியே எடுத்த கணத்துக்காக ஜனங்கள் ஒன்பது மாதம் காத்திருந்தார்கள். பொறுமையாகக் கதை சொன்னால் தகர பெல்ட்கூடத் தங்கமாகும். ரத்தம் கொஞ்சம் அதிகம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அந்த மேட்சை மட்டும் தள்ளிவிடுங்கள்.

*

சீனாவுக்குத் திரும்புவோம். வில்லன் வேஷம் ஆகஸ்ட் தொடக்கத்தில் போட்ட வேகத்திலேயே கழற்றப்பட்டது. சம்மர்ஸ்லாம் இரண்டாம் நாள் கோடியோடு நடந்த மேட்ச் பிரமாதம். பட்டம் கோடிக்குப் போனது. ஏப்ரலில் நடந்திருக்க வேண்டிய மேட்ச் அது. செப்டம்பர் 20, பிராக் லெஸ்னர் பத்து நிமிடத்துக்குள் சீனாவைத் தூக்கித் தூக்கிப் போட்டு முடித்தார். அமெரிக்காவில் புதிதாக ஒளிபரப்பு உரிமை வாங்கிய இஎஸ்பிஎன்னுக்கு முதல் நாள் காட்சி வேண்டும் என்று செய்தது போலத்தான் இருந்தது. யாருக்கும் லாபமில்லாத தோல்வி. லெஸ்னருக்கு இனி ஏற என்ன படி இருக்கிறது?

அக்டோபரில் பெர்த். அந்த ஊருக்கும் நமக்கும் ஒரே நேரம். செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்கு நடுவே கைப்பேசியை ஒளித்து ஒளித்துப் பார்க்கிற நமக்கு, சனிக்கிழமை இரவு 8 மணிக்குச் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து நேரலை பார்ப்பது பெருநாள் மாதிரி. சீனாவும் ஏஜே ஸ்டைல்ஸும் ஆடினார்கள். இரண்டு கிழவர்களும் தங்களோடு ஆடியவர்களுடைய அடிகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்கள். அண்டர்டேக்கருடைய அடி, ராண்டி ஆர்ட்டனுடைய அடி, இறந்துபோன பிரே வயட்டுடைய அடி. ஒவ்வொன்றையும் கூட்டம் அடையாளம் கண்டு கத்தியது. கச்சேரியில் மறைந்த வித்வானின் பாணியில் ஒரு சங்கதி விழும்போது ரசிகர்கள் தலையாட்டுவது போல.

நவம்பர் 10, சீனா தன் சொந்த மாநிலமான மாசசூசெட்ஸின் பாஸ்டனில் டாமினிக் மிஸ்டீரியோவிடமிருந்து இன்டர்கான்டினென்டல் பட்டத்தை வென்றார். அவர் கைக்கு வராமலே இருந்த பட்டம் அது. 29ஆம் தேதி அதை டாமினிக்கிடமே திருப்பிக் கொடுத்தார். அந்தப் பையனுக்கு ‘சீனாவிடமிருந்து வாங்கிய பட்டம்’ என்ற பேச்சு வாழ்நாளுக்கும் இருக்கும்.

இங்கேதான் ரெஸ்லிங்கின் பழைய தர்மம் வருகிறது. விடைபெறுகிறவன் மல்லாந்து கிடந்துதான் போக வேண்டும். 2008இல் ரிக் ஃபிளேயர் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்றார். 2010இல் அதே ஷான் அண்டர்டேக்கரிடம் தோற்றார். ஜெயித்துவிட்டுப் போகிறவன் அந்த ஜெயிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரணில் வைக்க வேண்டியதுதான், யாருக்கும் பயன்படாது. தோற்றுவிட்டுப் போனால் அது எதிரே நின்றவனுக்கு முதல்.

அம்மா இருபத்தெட்டு வருடம் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே வடைக்கடை வைத்திருந்தார். முட்டி வலி தாங்காமல் நிறுத்தியபோது, எதிர்ப்பக்கம் புதிதாகக் கடை போட்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டு, மாவு அளவு, ஊறவைக்கும் நேரம், எந்த நாளில் எத்தனை கிலோ போகும் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். “ஏங்க்கா போட்டிக்காரிக்கே சொல்லிக் குடுக்குறீங்க?” என்று கேட்காதவர் இல்லை. “நாளைக்கு காலையில வர்றவங்களுக்கு வடை வேணும்ல?” என்றார். அவ்வளவுதான்.

அக்கா மகனுக்கு இதைச் சொன்னேன். அவன் விடவில்லை. “சரி மாமா, தோக்கட்டும். மூணு எண்ணித் தோத்திருக்கலாம்ல? ஏன் தட்டணும்? அவரு ‘விட்டுக்கொடுக்காதே’ன்னு சொன்னவருல்ல? நோயாளிப் பிள்ளைங்கள்லாம் அத நம்பித்தான இருக்கு?”

நியாயமான கேள்வி. கடும் நோயில் இருக்கும் குழந்தைகளின் ஆசைகளை நிறைவேற்றும் ‘மேக் எ விஷ்’ அமைப்பின் வழியாக 650க்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சந்தித்தவர் சீனா. வேறு யாரும் அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அந்தக் குழந்தைகளில் எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். ‘விட்டுக்கொடுக்காதே’ என்று ஒரு குழந்தையிடம் சொல்லிவிட்டு, அடுத்த மாதம் அந்தப் பிள்ளை இல்லை என்று கேள்விப்பட்டவருக்கு அந்த வாசகத்தின் எல்லையும் தெரிந்திருக்கும். விட்டுக்கொடுக்காமல் போராடிய பிள்ளையும் சில நேரம் தோற்கிறது. அந்தத் தோல்வியில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று யாராவது சொல்ல வேண்டாமா? குந்தரின் பிடியில் அவர் எத்தனை முறை உதறினார் என்று எண்ணிப் பாருங்கள். இருந்த பலத்தையெல்லாம் செலவழித்துவிட்டுத்தான் சிரித்தார். மூன்று எண்ணித் தோற்றிருந்தால் அது ரெஃப்ரி சொன்ன முடிவாக இருந்திருக்கும். தட்டியதால் அது அவர் சொன்ன முடிவு. 2002 ஜூனில் கர்ட் ஆங்கிளிடம் தோற்று ஆரம்பித்தவர், 48 வயதில் தன் நேரத்தைத் தானே தேர்ந்தெடுத்துத் தோற்று முடித்தார்.

கம்பெனி அதற்கு முன்னால் அவரை ஒழுங்காக நடத்தியிருந்தால் கூட்டமும் அப்படித்தான் பார்த்திருக்கும் என்று நினைக்கிறேன். பதினொரு மாதமாக வில்லன், நல்லவன், லெஸ்னருக்குப் பலி என்று இழுத்தடித்த பிறகு ஜனங்களுக்கு மனசு ஆறுகிற மாதிரி ஒரு வெற்றி தேவைப்பட்டது. அந்தக் கடனைக் கடைசி நாளில் கேட்டார்கள். டிரிபிள் எச்சுக்கு விழுந்த கூச்சல் அந்த வருடம் முழுவதற்குமான வட்டி. முடிவு சரி, கணக்கு தப்பு.

*

இதன் பலனைச் சாப்பிடப்போகிறவர் குந்தர். 666 நாள் தொடர்ந்து இன்டர்கான்டினென்டல் பட்டத்தை வைத்திருந்தவர் என்றாலும், பொதுஜனத்துக்கு அவர் பெயர் அவ்வளவாகத் தெரியாது. ஜூலையில் கோல்ட்பெர்க்கின் கடைசி மேட்சையும் அவர்தான் முடித்து வைத்தார், அதே கழுத்துப் பிடியில். இப்போது ரெஸ்லிங்கே பார்க்காத என் அக்காவுக்குக்கூட அவரைத் தெரியும். “அந்தப் பாவிதானே?” என்கிறார்.

அதே இரவில் கோடியின் எதிரே ஓபா ஃபெமியை நிறுத்தினார்கள். பேய்லியோடு சோல் ருக்காவை ஆடவிட்டார்கள். இன்னும் ஐந்து வருடத்தில் இந்தப் பெயர்களை நாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமானால், இப்போது பெயர் உள்ளவர்கள் அவர்களுக்கு எதிரே மல்லாந்து கிடக்கத் தயாராக இருக்க வேண்டும். ரிங் தரையில் பதிக்கிற விளம்பரங்கள் பெருகிக்கொண்டே போகின்றன. 2027 ரெஸ்லமேனியா ரியாத்துக்கு என்று அறிவித்துவிட்டார்கள். பணம் எங்கே கூப்பிடுகிறதோ அங்கே கம்பெனி போகும், அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. தோற்கத் தெரிந்தவர்கள் உள்ளே மிச்சம் இருக்கிறார்களா என்பதுதான் என் கவலை.

அக்கா மகன் இனிமேல் பார்க்க மாட்டேன் என்றானே, இரண்டே நாள். செவ்வாய்க்கிழமை காலையில் பள்ளி விடுமுறை. குந்தர் எப்போது வருவான், யாராவது அவனைப் போட்டு மிதிப்பானா என்று பார்க்க எழுந்துவிட்டான். அவனுடைய அந்தக் கோபத்தைத்தான் சீனா குந்தருக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.